நிப்பரின் பழைய வெள்ளை

கடை ஜன்னலில் உட்காரவைக்க நாய் பொம்மை செய்தவர்கள், அது தங்கள் ஆயுளைத் தாண்டி இருக்கும் என்று நினைத்துச் செய்யவில்லை. காகிதக் கூழை அச்சுக்குள் அழுத்தி, இரண்டு பாதிகளாக எடுத்து, காய்ந்ததும் ஒட்டி, மேலே வெள்ளை பூசி, காதுகளுக்குக் கறுப்பும் கழுத்துக்கு ஒரு பட்டையும் தீட்டினால் வேலை முடிந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் நகரில் இருந்த ஓல்டு கிங் கோல் நிறுவனம் இப்படித்தான் ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டு, வானொலி விற்பனையாளர்களுக்கு, அந்தக் கம்பெனியின் சின்னமான நிப்பர் நாய்களைச் செய்து அனுப்பியது. மேசைமேல் வைக்க 11 அங்குலத்தில் ஒன்று, தரையில் நிறுத்த மூன்றடியில் ஒன்று எனப் பல அளவுகள். புது மாடல் வானொலிப் பெட்டி வந்து ஜன்னல் அலங்காரம் மாறினால் நாய் பின்கட்டுக்குப் போகும். கடையை மூடினால் குப்பைக்கு.

அப்படியும் தப்பிப் பிழைத்தவற்றைத் தேடி எடுத்துச் சீர்செய்வதில் தன் ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிடும் ஒருவர் நியூ ஜெர்சியின் செர்ரி ஹில்லில் இருக்கிறார். காரைக்குடிக்காரர். பகலில் கணினி வேலை. மாலையானால் வீட்டின் பேஸ்மென்டில் உருப்பெருக்கி விளக்கைப் போட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய்களோடு வேலை.

அவருக்கு நிப்பர் அறிமுகமானது பொம்மையாக அல்ல, ஊசி டப்பாவாக. காரைக்குடியில் அவருடைய தாத்தா வீட்டில் எச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்) 102 மாடல் கிராமஃபோன் ஒன்று இருந்தது. 1931-இல் சந்தைக்கு வந்த கையடக்கப் பெட்டி அது. மூடியைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றி, முள்ளைப் பிளேட்டில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் பாடி முடித்ததும் எஃகு ஊசியை மாற்றிவிட வேண்டும். பழைய ஊசியோடு அடுத்த பக்கத்தைப் போட்டால் பிளேட்டின் வரிகள் தேய்ந்துவிடும். இருநூறு ஊசி கொண்ட அந்தத் தகர டப்பாவை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பேரனுக்கு. மூடியில் வெள்ளை நாய் பித்தளைக் குழலுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும். ஊரில் எல்லாருக்கும் அது நாய் மார்க் பிளேட்டு, நாய் மார்க் ஊசி. கம்பெனியின் முழுப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

காரைக்குடிக்கும் இசைத்தட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன்பே அந்த ஊரில் அவர்கள் குடும்பக் கடையில் இசைத்தட்டுகள் விற்றார்கள். பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து இசைத்தட்டு வெளியிடுபவராகவே ஆனார். அந்த ஊர் வீடுகளின் பரண்களில் இருந்துதான் இன்றைக்கு அங்குள்ள முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குக் குழல்களும் பெட்டிகளும் எனாமல் பலகைகளும் வந்து சேர்கின்றன. 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எச்.எம்.வி. இசைத்தட்டாக வந்தபோது, தமிழ் வீடுகளின் விடியற்காலைக்கும் அந்த நாய் வந்து சேர்ந்தது. சுழலும் பிளேட்டின் நடுவே அதுவும் சுற்றும். அதன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணால் துரத்திக்கொண்டே சுப்ரபாதம் முழுவதையும் கேட்ட காலைகள் அவருக்கு நினைவிருக்கின்றன.

வேலை கிடைத்து அமெரிக்கா போனவருக்கு நாய் அங்கே முதலில் வந்து நிற்கும் என்று தெரியாது. பிலடெல்பியாவிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்தால் கேம்டன். எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1901-இல் தொடங்கிய விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி இருந்த ஊர். 1929-இல் ஆர்.சி.ஏ. அதை வாங்கியது. தொழிற்சாலைகள் போய்விட்டன. ஆனால் ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் நான்கு பக்கமும் வண்ணக் கண்ணாடியில் நிப்பரும் கிராமஃபோனும். கட்டடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மாலையில் பாலத்தின் மேல் ரயிலில் வரும்போது அந்த வட்டக் கண்ணாடி தெரிந்தது. ஊசி டப்பா மூடியில் இருந்த அதே நாய், அதே சாய்வு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "நம்ம நாய் மார்க் பாரும்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் படித்தார். படிக்கப் படிக்க அந்த நாய் நிஜமாக வாழ்ந்த நாய் என்பது அவரைப் பிடித்துக்கொண்டது.

நிப்பர் 1884-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்த கலப்பின டெரியர். வீட்டுக்கு வருபவர்களின் கெண்டைக்காலைக் கவ்வப் பாயும் குணம். முதல் எஜமானர் மார்க் பாரோ நாடக அரங்குகளுக்குத் திரை வரைந்தவர். 1887-இல் அவர் வறுமையில் இறந்துபோக, நாய் அவருடைய தம்பி, ஓவியர் ஃபிரான்சிஸ் பாரோவிடம் வந்தது. 1895-இல் நிப்பரும் இறந்து, லண்டனை ஒட்டிய கிங்ஸ்டனில் புதைக்கப்பட்டது. ஓவியர் அதை வரைந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான். அப்போது அதன் முன்னே இருந்தது கிராமஃபோன் அல்ல; மெழுகு உருளை சுழலும் எடிசன் பாணி ஃபோனோகிராஃப். எடிசன் பெல் கம்பெனி படத்தை வாங்க மறுத்தது. படத்தில் குழல் கறுப்பாக இருப்பது எடுப்பாக இல்லை என்று பட்டதால், ஒரு பித்தளைக் குழலை இரவல் கேட்க 1899-இல் பாரோ லண்டன் மெய்டன் லேனில் இருந்த, பின்னாளில் எச்.எம்.வி. என்று பேர்பெற்ற கிராமஃபோன் கம்பெனிக்குப் போனார். மேலாளர் வில்லியம் பேரி ஓவன் படத்தின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை மாற்றி எங்கள் கிராமஃபோனை வரைந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார். படத்துக்கு 50 பவுண்டு, பதிப்புரிமைக்கு 50 பவுண்டு.

பாரோ புதுப் படம் போடவில்லை. அதே துணியில், ஃபோனோகிராஃபின் மேலேயே கிராமஃபோனைத் தீட்டினார். ஒளி ஒரு கோணத்தில் விழுந்தால் அடியில் இருக்கும் பழைய இயந்திரத்தின் வடிவம் இன்றும் தெரியும்.

இதைப் படிக்கையில் காரைக்குடிக்காரர் நெடுநேரம் நின்ற இடம் ஒன்று உண்டு. ஃபோனோகிராஃபில் வீட்டிலேயே குரலைப் பதிவுசெய்ய முடியும். இறந்துபோன எஜமானர் எப்போதோ பேசி வைத்த குரல் உருளையிலிருந்து வர, நாய் அடையாளம் கண்டு கேட்கிறது என்றால் அந்தக் காட்சிக்கு அர்த்தம் இருக்கிறது. கிராமஃபோனோ ஒலியைப் போட்டுக் காட்டும், பதிவுசெய்யாது. தட்டு தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே இயந்திரம் மாறியவுடன் படத்தின் கதையே பொருந்தாமல் போனது. ஆனால் உலகம் அறிந்த படம் மாறிய அந்தப் படம்தான். கம்பெனி கேட்டு பாரோ பிறகு தன் கையால் 24 பிரதிகள் வரைந்து கொடுத்தார். அவை எல்லாவற்றிலும் இருப்பது கிராமஃபோன். மேல்பூச்சைச் சுரண்டி அடியில் உள்ளதை மீட்க வேண்டும் என்று யாரும் பேசியதாக அவருக்குத் தெரியவில்லை. பேசவும் கூடாது என்பது அவர் எண்ணம். ஏன் என்பதற்கு அவருடைய முதல் பெரிய நாய் விடை சொன்னது.

மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்டு என்றொரு சிற்றூர். 1959-இல் தொடங்கிய பழம்பொருள் சந்தை அங்கே மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் கூடும். 20-ஆம் எண் சாலையின் இருபுறமும் வயல்களில் கூடாரம் கூடாரமாக விரியும். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு விடியும் முன்பே வந்து நிற்பவர்கள் உண்டு. அங்கே ஒரு வயதான பெண்மணியின் மேசைக்குக் கீழே, பாத்திரப் பெட்டிகளுக்கு நடுவில் 18 அங்குல நிப்பர் உட்கார்ந்திருந்தது. பளீரென்ற வெள்ளை, குளியலறைச் சுவருக்கு அடிக்கும் பளபளப்பு. போலி என்று பலர் கடந்து போயிருந்தார்கள்.

போலிகள் ஏராளம். பிசினில், ஃபைபர்கிளாஸில், வார்ப்பிரும்பில் கூட நிப்பர் வந்திருக்கிறது. தூக்கிப் பார்த்தால் முதல் பாதி தெரிந்துவிடும். காகிதக் கூழ் நாய் அதன் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவு இலேசாக இருக்கும். விரலால் தட்டினால் மழுங்கிய சத்தம். பிசின் நாய் டக்கென்று பதில் சொல்லும். இரண்டு பாதிகளும் சேரும் ஒட்டுக்கோடு விலாவின் ஓரமாக ஓடுகிறதா, எங்காவது அடிபட்ட இடத்தில் பஞ்சு பஞ்சாகக் காகித இழை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நாயின் பின்னங்காலுக்கு அடியில் ஒரு மூலை நசுங்கி இழை பிரிந்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தப் பெண்மணியின் தந்தை பென்சில்வேனியாவின் ஒரு சிறு ஊரில் வானொலிப் பெட்டிக் கடை வைத்திருந்தவர். நாய் வாசலை ஒட்டிய ஜன்னலில் இருந்தது. கடைக்கு வரும் பிள்ளைகள் அதன் தலையைத் தடவாமல் உள்ளே போகமாட்டார்கள். "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் அப்பா ஒரு சின்னத் தூரிகையோடு உட்கார்ந்துவிடுவார். தேய்ந்த இடத்துக்கெல்லாம் வெள்ளை வைப்பார். கடையில் எது பழசானாலும் நாய் பழசாகக்கூடாது என்பார்" என்று அவர் சொன்னார். கடை போன பிறகு நாய் கொட்டகையில் கிடந்தது. சந்தைக்குக் கொண்டுவருகிறோமே என்று மருமகன் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி முழுவதும் பூசிவிட்டார்.

நாயை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர் முதலில் பூச்சி பார்த்தார். காகிதத்துக்கும் மாவுப் பசைக்கும் வெள்ளிப்பூச்சி வரும். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் சில நாள் வைத்தால் பூச்சியும் முட்டையும் அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த மேற்பரப்பில் நீர் கோத்துக் காகிதம் உப்பிவிடும். தண்ணீர்தான் இந்த நாய்களின் முதல் எதிரி. ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும், அரை நூற்றாண்டு தாங்கிய பூச்சு அப்பளமாகக் கிளம்பிவரும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு சுத்தம் தொடங்கும். ஒட்டிப்பிடித்த அழுக்குக்கு, பஞ்சு சுற்றிய குச்சியை உமிழ்நீரில் நனைத்து உருட்டுவார். அருங்காட்சியகங்களில் ஓவியம் துடைப்பவர்கள் இன்றும் பயன்படுத்தும் முறைதான் இது. எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கைத் தளர்த்தும். நனையும் அளவும் கைக்குள் இருக்கும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. அறையை இருட்டாக்கி அந்த விளக்கைப் பிடித்தால், பகலில் ஒரே வெள்ளையாகத் தெரிவது பல வெள்ளைகளாகப் பிரியும். துத்தநாக வெள்ளை மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும். பின்னாளின் டைட்டானியம் வெள்ளை ஒளிராமல் இருண்டு கிடக்கும். மருமகன் பூசிய மேல்பூச்சு முழு நாயையும் இருட்டாகக் காட்டியது. பின்னங்காலில் அது உதிர்ந்த இடத்தில் மட்டும் அடியிலிருந்து ஒளி கசிந்தது.

அந்த இடத்திலிருந்து கத்தி வேலை தொடங்கியது. அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கத்தி, உருப்பெருக்கி, பக்கவாட்டு வெளிச்சம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என்ற பேச்சே கிடையாது. அந்தத் தூசி மூச்சில் போனால் உடம்புக்குக் கேடு. முகமூடியும் கையுறையும் அணிந்து, நகக்கண் அளவு பரப்பை ஒரு மாலைக்கு எடுத்துக்கொள்வார். பளபளப்புப் பூச்சு ரப்பர் போலச் சுருண்டு வரும். அடியில் மங்கலான, வெண்ணெய் நிறத்துக்கு மாறிய வெள்ளை. தலை உச்சிக்கு வந்தபோது அந்த வெள்ளை ஒன்றாக இல்லை. ஓரங்கள் தெரியும் திட்டுத் திட்டாக, ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவே கையழுக்கின் மெல்லிய சாம்பல் கோடு. தலையைத் தடவிய பிள்ளைகளின் ஒரு வருஷம், கடைக்காரரின் தூரிகை, மறுபடியும் பிள்ளைகள், மறுபடியும் தூரிகை.

அங்கே நிறுத்தினார்.

பழக்கமான சேகரிப்பாளர்கள் நிறுத்தாதே என்றார்கள். இன்னும் கீழே ஆலையில் பூசிய முதல் வெள்ளை இருக்கிறது. அதுவரை போனால்தான் இது அசல், விலையும் அதற்குத்தான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் பூசியது நாய் வேலையில் இருந்தபோது, அது வேலையில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பூசியது. பாரோ ஃபோனோகிராஃபின் மேல் கிராமஃபோனை வரைந்ததும் அப்படித்தான். அதை எடுத்தால் மிஞ்சுவது ஆலையிலிருந்து கிளம்பி எந்தக் கடைக்கும் போய்ச் சேராத ஒரு நாய். மருமகன் பூசியது வேலையெல்லாம் முடிந்த பிறகு, அந்த வேலையின் தடங்களை மறைப்பதற்காக. போக வேண்டியது அது ஒன்றுதான்.

இந்தத் தெளிவு அவருக்கு அம்மாவிடமிருந்து வந்தது என்று சொல்வார். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்த அம்மா, பூச்சு உதிர்ந்தும் உதிராமலும் இருந்த நாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, இம்புட்டுக் காசு குடுத்து வாங்கியிருக்க. மூஞ்சியெல்லாம் சொறிபிடிச்சாப்ல இருக்கு. ஒரு பூச்சு பூசிவிட்டா என்ன?"

அம்மாவின் கேள்வி அறியாமையில் கேட்டது அல்ல. அவர் வீட்டுக் கொலுவில் இருந்த செட்டியாரும் செட்டிச்சியும் மரப்பாச்சியும் போக, பெரும்பாலானவை காகிதக் கூழ் பொம்மைகள். விழுப்புரம் பக்கத்திலும் மதுரை விளாச்சேரியிலும் இன்றும் செய்கிறார்கள். புளியங்கொட்டைப் பசை, சுண்ணாம்பு, காகிதக் கூழ், மேலே வண்ணம். நவராத்திரிக்குப் பெட்டி திறக்கும்போது மூக்கு தேய்ந்திருந்தால் அம்மா அன்றைக்கே வண்ணம் எடுத்துவைப்பார். மூளியான பொம்மையைப் படியில் வைப்பது அவருக்கு ஆகாது. அந்தப் பொம்மைகள் ஆண்டுதோறும் படியேறுகின்றன. அவற்றுக்குப் புதுப் பூச்சு அவசியம். பென்சில்வேனியாக் கடைக்காரர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் உட்கார்ந்து செய்ததும் அதே காரியம்தான்.

"இது இனிமே கடையில உக்காராதும்மா. அதான் புதுசா எதுவும் பூசல" என்றார் பிள்ளை. அம்மா சிறிது நேரம் நாயின் தலையை உற்றுப் பார்த்தார். "அப்ப அந்தக் கடைக்காரரு வச்ச வெள்ளையையும் எடுத்துராத" என்றார்.

எல்லா நாய்க்கும் இதே தீர்ப்பு பொருந்தாது. பிறகு கிடைத்த ஒரு 14 அங்குல நிப்பரை விற்பனைக்கு முன் யாரோ உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். இரண்டு பூச்சுக்கும் நடுவே அழுக்கே இல்லை. கடையில் வாழ்ந்த தடம் எதையும் அந்த உப்புத்தாள் விட்டுவைக்கவில்லை. காதுக்குப் பின்னாலும் முகவாய்க்கு அடியிலும் மட்டும், தாள் எட்டாத மடிப்புகளில், ஆலையின் முதல் வெள்ளை அப்படியே இருந்தது. அந்த நாயில் மேல்பூச்சு முழுவதையும் எடுத்தார். வெறும் காகிதம் தெரிந்த இடங்களில் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய தடுப்பாகப் பூசி, அதன்மேல் மட்டும் வண்ணம் வைத்தார். நாளைக்கு வேறொருவர் அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் அவர் வைத்தது எல்லாம் வந்துவிடும், அசலுக்கு ஒன்றும் ஆகாது. நசுங்கிய மூலைகளுக்கு கோதுமைக் கஞ்சிப் பசையும், நீண்ட இழை கொண்ட ஜப்பானியக் காகிதமும். நூலிழைகளாகக் கிழித்து ஒட்டினால் ஓரம் தெரியாமல் கலந்துவிடும்.

நிப்பரைத் தேடிப் போகிறவருக்கு வழியில் மற்ற நாய்களும் தென்படும். பிளாக் அண்டு ஒயிட் விஸ்கியின் கறுப்பும் வெள்ளையுமான இரண்டு ஸ்காட்லாந்து டெரியர்கள் மதுக்கடை மேசைகளுக்காகச் செய்யப்பட்டவை. பஸ்டர் பிரவுன் காலணியின் டைக், 1904 முதல் அமெரிக்கச் சிறுவர்களின் செருப்புக் கடையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த நாய். கென்-எல் ரேஷன் நாய்த்தீனி கம்பெனிக்காக டேட்டன் நகரின் எஃப் அண்டு எஃப் நிறுவனம் பிளாஸ்டிக்கில் வார்த்த உப்பு, மிளகுக் குப்பி நாயும் பூனையும் அமெரிக்கச் சமையலறைகளில் லட்சணமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய். பிளாஸ்டிக் மஞ்சளாகி வெடிக்கும். சுண்ணச்சாந்து நாயின் மூக்கு உதிரும். பெருமளவில் வந்த காகிதக் கூழ் நிப்பர்தான் கை வேலைக்கு அதிகம் இடம் கொடுக்கிறது. அதனால் அவர் மனமும் அங்கேயே நின்றுவிட்டது.

நிப்பரின் பெரிய உருவங்கள் அவர் கைக்குள் அடங்காதவை. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில், ஆர்.சி.ஏ. பொருள்களை விநியோகித்த ஒரு கட்டடத்தின் உச்சியில் 1958-இல் ஏற்றிய நிப்பர் 28 அடி உயரம், நான்கு டன் எடை. இரவில் விமானங்களுக்குத் தெரிய அதன் காதில் சிவப்பு விளக்கு எரியும். பால்டிமோரில் இன்னொன்று வரலாற்றுக் கழகத்தின் கட்டடத்தில் இருக்கிறது. விக்டர் கம்பெனியைத் தொடங்கிய ஜான்சன் வளர்ந்த டெலவேர் மாநிலத்தின் டோவரில் அவர் பெயரில் உள்ள விக்ட்ரோலா அருங்காட்சியகம், நிப்பரைப் பற்றிக் கற்க விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம். லண்டனுக்குப் போனபோது காரைக்குடிக்காரர் கிங்ஸ்டனுக்கும் ரயில் ஏறினார். நாயைப் புதைத்த மரத்தோட்டம் இப்போது இல்லை. அங்கே ஒரு வங்கிக் கிளை. உள்ளே ஒரு நினைவுப் பலகை உண்டு. 2010-இல் பக்கத்துச் சந்து ஒன்றுக்கு நிப்பர் சந்து என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே அவருக்குக் காதில் விழுந்தது, காரைக்குடியிலும் கேட்ட அதே கதை: நாய் உட்கார்ந்திருக்கும் பளபளப்பான பலகை எஜமானரின் சவப்பெட்டி என்பது. எங்கோ பிறந்து எல்லா நாட்டிலும் சொல்லப்படும் கதை இது. பாரோ வரைந்தது மெருகேற்றிய மேசைப் பரப்பு என்பதற்கு மேல் அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு சுற்று சுற்றாமல் அவர் திரும்புவதில்லை. ஒருமுறை ஒரு கடையில் எனாமல் தட்டு அடுக்குக்குப் பின்னால் பிளாஸ்டர் நாய் ஒன்று கண்ணில் பட்டது. கையகலம்தான். தலைச்சாய்வு அப்படியே நிப்பர்.

"அண்ணே, இது எங்கிட்டிருந்து வந்தது?"

"ஆத்தங்குடிப் பக்கம் ஒரு வீட்டுலருந்து, தம்பி. ரேடியோ கடை வச்சிருந்தவுக. தண்ணிய ஊத்திக் கழுவிட்டா பளிச்சுனு ஆயிரும், கழுவித் தரவா?"

"கழுவாதீங்கண்ணே. அப்படியே குடுங்க" என்று அவசரமாக வாங்கிக்கொண்டார். அடிப்பக்கம் முழுவதும் உப்பு பூத்திருந்தது. பழைய சுவரில் பூப்பது போன்ற அதே உவர். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும்; உள்ளே கரைந்த உப்பு ஈரம் காயும்போது மேலே வந்து படிகமாகி, வண்ணத்தைத் தள்ளி உதிர்க்கும். கழுவினால் இன்னும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் பூத்ததை மட்டும் தட்டி எடுத்துவிட்டு, ஈரப்பதம் மாறாத பெட்டியில் வைப்பதுதான் வழி. செர்ரி ஹில்லுக்கு எடுத்துப்போனால் அங்கத்திய குளிர்கால உலர்காற்றில் உப்பு வேகமாகக் கிளம்பும் என்று கணக்கிட்டு, அந்த நாயை அவர் காரைக்குடி வீட்டிலேயே, சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். எச்.எம்.வி. நிறுவனம் கல்கத்தாவில் 1902-இல் ஒலிப்பதிவு தொடங்கி, 1928-இல் டம்டம்மில் பெரிய ஆலை கட்டி, இந்தியா முழுக்கக் கடை விரித்த காலத்தில் இப்படி எத்தனை நாய்கள் வந்தன, எத்தனை மிஞ்சின என்று ஊர் ஊராக விசாரித்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். மாவட்டம், கடையின் வகை, பொருள், தலையில் தேய்மானம் உண்டா என்று நோட்டில் கட்டம் போட்டு.

தலைத் தேய்மானம் அவருக்கு முக்கியம். பென்சில்வேனியாவிலும் ஆத்தங்குடியிலும் நாய்கள் ஒரே இடத்தில்தான் தேய்ந்திருக்கின்றன: வலது காதுக்கும் இடது காதுக்கும் நடுவே, உச்சந்தலையில். மூக்கைத் தொட்டவர்கள் குறைவு. உச்சந்தலையை அவர் எந்த நாயிலும் நிரப்பியதில்லை. உதிரும் வண்ணத்தை மீன்பசை தொட்டுத் தொட்டு நிறுத்துவார். அதோடு சரி.

பிரிம்ஃபீல்டு நாய் இப்போது வேலை முடிந்து நிற்கிறது. விற்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கொடுக்கவில்லை. அதன் உள்ளீடற்ற வயிற்றுக்குள், அடிப்பலகையில் உள்ள துளை வழியாக ஒரு பாலியெஸ்டர் உறையை வைத்திருக்கிறார். அமிலம் இல்லாத தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய குறிப்பு: எந்த இடத்தில் எந்தப் பசை, எந்த வண்ணம், எதைக் கொண்டு கரைக்கலாம், மருமகனின் பூச்சை எங்கிருந்து எடுத்தது, கடைக்காரரின் வெள்ளை எங்கெல்லாம் இருக்கிறது, அதை ஏன் தொடவில்லை. சீர்செய்யும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இரண்டு. உறையின் மேலே, அடுத்து இந்த நாயைத் திறப்பவருக்கு என்று எழுதி, தேதி போட்டிருக்கிறார்.